வானம் தோண்டிய கதை

கெலவரப்பள்ளி அணைக்கட்டின் மீது நின்றுகொண்டு உலகிலேயே உயரமான கட்டடத்தைப் பற்றிப் பேசலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஓசூருக்கு அருகில், கர்நாடக எல்லையை ஒட்டி, தென்பெண்ணையாற்றின் குறுக்கே அமைந்த இவ்வணையில் நீர் நிற்கும் முழு உயரம் 44.28 அடிதான். இதன் இடது, வலது கால்வாய்களை நம்பி ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. அண்ணாந்து பார்க்கத்தக்கது என்று இங்கே எதுவும் இல்லை. ஆயினும் இக்கட்டுரையை எழுதும்படி நம்மைத் தூண்டியவர், அணைக்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் ராகியும் தக்காளியும் பயிரிட்டு வாழும் ஒரு குடியானவரே.

இளமையில் அவர் நான்கு ஆண்டுகள் துபாயில் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். உலகப் புகழ் பெற்ற அந்தக் கட்டடத்தில் அன்று. அதற்கு எதிர்ப்புறம், எவரும் பெயர் சொல்லாத வேறொரு கட்டடத்தில். "நாங்க கட்டினது இருபது மாடி சார். அதுவே பெரிசுதான். ஆனா சாரத்துல நின்னு எதிரே பார்த்தா, அது மட்டும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவுல ரெண்டு மாடி ஏறியிருக்கும்" என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. வேலை சூடு பிடித்திருந்த காலத்தில் மூன்று நாளுக்கு ஒரு மாடி என்ற கணக்கில் அது உயர்ந்தது.

அவர் எதிரே நின்று கண்டது புர்ஜ் கலீஃபா. 2004 ஜனவரியில் அதற்கு மண் தோண்டத் தொடங்கினார்கள். 2010 ஜனவரி 4ஆம் நாள் திறந்து வைத்தார்கள். உயரம் 828 மீட்டர். நம் கெலவரப்பள்ளி அணையின் முழு நீருயரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அறுபத்தொரு அணைகள் வேண்டியிருக்கும். இன்றளவும் உலகில் அதனை மிஞ்சிய கட்டடம் எழுந்து முடியவில்லை. அதற்குள் விடுதி இருக்கிறது. ஏறத்தாழ 900 குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே அலுவலகங்கள். 124ஆம் மாடியில் ஊரைப் பார்க்கும் மேடை. ஒரு பேரூரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிமிர்த்தி வைத்தாற்போன்ற அமைப்பு அது.

இவ்வளவு உயரம் மனிதனுக்கு ஒரே நாளில் கைகூடியதன்று. நம் பெற்றோர் தலைமுறைக்கு உயரம் என்றாலே சென்னை மவுண்ட் ரோட்டிலுள்ள எல்.ஐ.சி. கட்டடம்தான். காப்பீட்டு நிறுவனம் நடத்திய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் கண்ட கனவு அது. 1954இல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. 1959இல் கட்டடம் திறக்கப்பட்டபோது அது அரசு நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. 177 அடி உயரம். அன்றைய இந்தியாவில் அதற்கு நிகர் இல்லை. ஊரிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் நடைபாதையில் நின்று மாடிகளை எண்ணுவதும், நடுவில் கணக்குத் தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணுவதும் வழக்கமாயிருந்தன. திரைப்படத்தில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட அந்தக் கட்டடத்தின் ஒரு காட்சியே போதுமானதாக இருந்தது.

177 அடியிலிருந்து மேலே போவதற்கு மாடிகளை அடுக்கிக்கொண்டே போனால் போதாதா என்று தோன்றும். போதாது. தாழ்ந்த கட்டடத்துக்குப் பகை அதன் சொந்தப் பாரம். உயர்ந்த கட்டடத்துக்குப் பகை காற்று. உயரம் கூடக்கூட, பாரத்தைத் தாங்குவதற்குத் தேவையான எஃகைவிடக் காற்றை எதிர்ப்பதற்குத் தேவையான எஃகு பன்மடங்கு பெருகுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் செலவு கட்டுப்படியாகாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் நம் அண்டைநாட்டுக்காரர் ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1929இல் டாக்காவில் பிறந்தவர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிப்பூர் பொறியியல் கல்லூரியிலும் டாக்காவிலும் படித்து, 1952இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். உள்ளே வரிசை வரிசையாகத் தூண்களை நிறுத்தும் பழைய முறையை விட்டு, வலிமையைக் கட்டடத்தின் வெளிச்சுவருக்குக் கொண்டுவந்து, முழுக் கட்டடத்தையும் ஒரு குழாயைப்போல நிற்கச் செய்யலாம் என்று அவர் காட்டினார். மூங்கிலைப் பாருங்கள்: உள்ளே வெறுமை, வலிமையெல்லாம் புறத்தில். புயலில் வளைகிறது, முறிவதில்லை. கானின் கணக்கும் அதுவே. சிகாகோவில் 1969இல் எழுந்து முடிந்த நூறு மாடி ஜான் ஹான்காக் மையத்தின் நான்கு புறமும் பெரிய பெருக்கல் குறிகளைப்போல எஃகுச் சட்டங்கள் குறுக்கே ஓடுவதை இன்றும் காணலாம். 1931இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 42 பவுண்டு எஃகு செலவாயிற்று. ஹான்காக் மையத்துக்கோ 30 பவுண்டுகூட ஆகவில்லை. (2018 முதல் அக்கட்டடம் அந்தப் பெயரை இழந்து தெரு முகவரியால் மட்டுமே அழைக்கப்படுகிறது. சிகாகோ மக்கள் பழைய பெயரை விடுவதாக இல்லை. நாம் மவுண்ட் ரோட்டை விடாததுபோல.)

கடையும் அலுவலகமும் வீடும் ஒரே கட்டடத்தில் என்ற எண்ணம் இத்தனை உயரத்தில் உருப்பெற்றதும் அங்கேதான். அதில் ஆடம்பரம் மட்டுமன்று, சிக்கனமும் இருக்கிறது. அலுவலகத்துக்கு அகன்ற தளம் வேண்டும். வீட்டுக்கோ எந்த அறையும் சன்னலுக்குத் தொலைவில் இருக்கலாகாது. எனவே அகன்ற அடிப்பகுதியில் அலுவலகங்களை வைத்து, மேலே போகப்போகக் குறுகும் தளங்களில் வீடுகளை வைத்தார்கள். கூம்பிச் செல்லும் வடிவம் காற்றுக்கும் நல்லதாயிற்று. மேலும், அலுவலகம் அடங்கும் நேரத்தில் வீடு விழிக்கிறது. ஆகவே பகலும் இரவும் எந்த வேளையிலும் கட்டடம் முழுவதும் வெறிச்சோடிக் கிடப்பதில்லை.

ஆனால் அந்த ஹான்காக் மையம் நூறு மாடியை எட்டாமலே நின்றுவிட இருந்தது. இருபது மாடி எழுந்த நிலையில், நூறு மாடிக்கும் சேர்த்து எவ்வளவு அமிழும் என்று எதிர்பார்த்தார்களோ அந்த அளவுக்குக் கட்டடம் அப்போதே அமிழ்ந்திருப்பதைக் கண்டார்கள். நிலத்தடித் தூண்களுக்குக் கான்கிரீட் வார்த்ததில் பிழை நேர்ந்திருந்தது. வேலையை நிறுத்தி, மண்ணுக்குள் புதைந்துவிட்ட தூண்களை மறுபடி சோதித்துச் சரி செய்ய வேண்டியதாயிற்று. முதல் உரிமையாளர் அந்த இழப்பைத் தாங்க இயலாமல் விலகினார், கட்டடம் கைமாறியது.

நம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கொத்தனார்கள் கடைக்காலுக்குப் பள்ளம் எடுப்பதை 'வானம் தோண்டுதல்' என்பார்கள். பூமியைத் தோண்டிவிட்டு வானம் தோண்டினோம் என்கிறார்களே என்று சிறுவயதில் நாம் சிரித்ததுண்டு. உயரமான கட்டடங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தச் சொல்லில் நகைக்க ஒன்றுமில்லை என்று தெரிகிறது.

துபாயில் வானம் தோண்டியது எளிதாயிருக்கவில்லை. ஓசூர்ப் பக்கம் சிறிது தோண்டினாலே பாறை இடிக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கருங்கல் கடல் கடந்து செல்வது ஊரறிந்தது. துபாயில் மேலே மணல், கீழே நொறுங்கும் தன்மையுள்ள மென்பாறை. ஆகவே ஒன்றரை மீட்டர் விட்டமும் நாற்பது மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடைய கான்கிரீட்டுத் தூண்கள் 190க்கு மேல் நிலத்துக்குள் வார்க்கப்பட்டன. கம்பி கட்டுவோர் 'பைல்' என்று சொல்வது இவற்றைத்தான். இவை அடியில் உறுதியான பாறைமீது ஊன்றி நிற்பவை அல்ல. மரத்தில் அறைந்த ஆணியை மரம் பக்கவாட்டில் பற்றிக்கொள்வதுபோல, சுற்றியுள்ள மென்பாறையின் பிடிப்பால் நிற்பவை. அவற்றின் தலைமேல் 3.7 மீட்டர் கனத்தில் ஒரு கான்கிரீட்டுப் படுகை. அங்குள்ள நிலத்தடி நீரோ கடலைவிட உப்பானது. கம்பிக்கு எட்டினால் அரித்துத் தின்றுவிடும். ஆதலால் நீர் எளிதில் ஊடுருவாத கான்கிரீட்டை ஆக்கியதோடு, படுகைக்கு அடியில் தைட்டானிய வலையைப் பரப்பிச் சிறு மின்னோட்டத்தால் துரு ஏறாமல் தடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அந்த வலையைச் சுற்றுலாப் பயணி எவரும் படம் பிடித்ததில்லை.

கட்டடத்தை வரைந்தவர் ஏட்ரியன் ஸ்மித். கட்டமைப்பைக் கணக்கிட்டவர் வில்லியம் பேக்கர். இருவரும் ஃபஸ்லூர் கான் பணியாற்றிய அதே சிகாகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கான் 1982இல் காலமாகிவிட்டார். பேக்கர் கண்ட அமைப்பு எளிமையானது. நடுவில் அறுகோண வடிவில் ஒரு கான்கிரீட்டுக் கூடு. அதிலிருந்து மூன்று திசைகளில் மூன்று சிறகுகள். மூன்று பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தால், எவர் தள்ளப்பட்டாலும் மற்ற இருவர் தாங்குவார்கள் அல்லவா? அப்படியே ஒரு சிறகைக் காற்று தள்ளும்போது மற்ற இரண்டும் முட்டுக் கொடுக்கின்றன.

காற்று வெறுமனே தள்ளுவதோடு நிற்பதில்லை. ஒரு கம்பத்தைக் கடக்கும் காற்று இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழல்களை உண்டாக்குகிறது. அவை கம்பத்தை இருபுறமும் ஆட்டுகின்றன. ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையைத் தக்க தருணம் பார்த்து மெல்லத் தள்ளினாலே ஊஞ்சல் உயர உயரப் போவதுபோல, சுழலின் தாளமும் கட்டடத்தின் அசைவும் ஒத்துப்போனால் ஆபத்து. அதனால்தான் புர்ஜ் கலீஃபாவின் சிறகுகள் மேலே போகப்போகச் சுருள் படிக்கட்டுப்போல ஒன்றன்பின் ஒன்றாக 27 இடங்களில் பின்வாங்குகின்றன. ஒவ்வோர் உயரத்திலும் அகலம் மாறுவதால் சுழல்கள் ஒரே தாளத்தில் கூட முடிவதில்லை. சிறு மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி நாற்பது முறைக்கு மேல் சோதித்து இவ்வடிவத்தைத் தேர்ந்தார்கள். பார்ப்பவர் அழகு என்று எண்ணுவது பெரும்பாலும் காற்றை ஏமாற்றும் தந்திரமே.

மொத்தம் 3,30,000 கன மீட்டர் கான்கிரீட். அதை 600 மீட்டருக்கும் மேலே குழாய் வழியாக அழுத்தி ஏற்றினார்கள். அதற்குமுன் எங்கும் அவ்வளவு உயரத்துக்குக் கான்கிரீட் ஏறியதில்லை. கோடையில் பகல் வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும் ஊர் அது. சூட்டில் கான்கிரீட் விரைந்து இறுகி வெடிப்பு விடும். எனவே இரவில், தண்ணீரோடு பனிக்கட்டி கலந்து வார்த்தார்கள். "எங்களுக்கும் அதேதான் சார். ராத்திரி பூரா கான்கிரீட்டு. ஐஸ் வண்டி வந்தா ஒரு துண்டு எடுத்து கழுத்துல வெச்சுக்குவோம்" என்று நம் நண்பர் நினைவுகூர்ந்தார்.

வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் 12,000 பேர் வரை அங்கே உழைத்தார்கள். பெரும்பாலோர் நம் தெற்காசியாவைச் சேர்ந்தவர்கள். நாள் கூலி சாதாரணத் தொழிலாளிக்கு நான்கு டாலர், தச்சருக்கு ஏழரை டாலர் அளவில் இருந்ததாக அக்காலத்துச் செய்திகள் கூறின. 2006 மார்ச்சில் கூலியும் நடத்தும் விதமும் சரியில்லை என்று தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வண்டிகளும் அலுவலகப் பொருள்களும் நொறுக்கப்பட்டன. நம் நண்பர் வேலை பார்த்த இடத்திலும், வந்திறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். முகவருக்குக் கொடுத்த கடனை அடைப்பதற்கே முதல் பதினான்கு மாதச் சம்பளம் போயிற்று. எஞ்சிய காலத்தில் சேர்த்ததுதான் இந்த ஒன்றரை ஏக்கர்.

கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற உவமையை நாம் கோயிலில் கேட்டிருக்கிறோம். துபாய் ஆட்சியாளரும் கணக்கிட்டிருப்பார். ஆனால் 2009இல் அந்நாட்டு நிறுவனங்கள் கடனில் மூழ்கியபோது, அண்டை அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கியது. அதுவரை 'புர்ஜ் துபாய்' என்று அறியப்பட்ட கட்டடத்துக்குத் திறப்பு விழா அன்று அபுதாபி மன்னர் கலீஃபாவின் பெயர் சூட்டப்பட்டது.

இனி, எவரும் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருவோம்: தண்ணீர். அந்தக் கட்டடத்துக்கு நாளொன்றுக்குச் சராசரி 9,46,000 லிட்டர் வேண்டும். பத்து மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. நம் அணையின் அடியில் நீர் அழுத்துவது ஒன்றேகால் வளிமண்டலத்துக்குச் சற்று மேல். உச்சியிலிருந்து ஒரே குழாயில் நீரை விட்டால், கீழ்மாடிக் குழாயில் எண்பது வளிமண்டலம் அழுத்தும். சாதாரண வீட்டுக் குழாய் அதைத் தாங்காது. ஆகவே நடுநடுவே இயந்திரங்களுக்கென்றே மாடிகளை ஒதுக்கி, அங்குள்ள தொட்டிகளுக்குப் படிப்படியாக நீரை ஏற்றி, அங்கிருந்து பங்கிடுகிறார்கள். கழிவுநீர் அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் குண்டுபோல் பாயாதா என்று கேட்பவர் உண்டு. பாயாது. குழாயின் சுவரோடு உரசிக்கொண்டு இறங்கும் நீர், ஓரிரு மாடிக்குள்ளாகவே ஒரு நிலையான வேகத்தை அடைந்துவிடுகிறது. அதற்குமேல் வேகம் கூடுவதில்லை. சிக்கல் வேகத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. இறங்கும் நீர் காற்றை இழுத்துச் செல்வதால், தனிக் காற்றுக்குழாய் வைக்காவிட்டால் ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் நாற்றம் எழும்.

ஏறிய நீர் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிய பின் அது எங்கே போகிறது? இக்கேள்வியைத்தான் நம் நண்பர் நம்மிடம் கேட்டார். கேட்டபடியே கால்வாயைக் காட்டினார். கால்வாய் நிறைய வெள்ளை நுரை.

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த அடுக்குமாடிகளை ஓசூர்வாசிகளுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. அப்பகுதியின் கழிவுநீரில் பெரும்பங்கு பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் வந்து, பின் தென்பெண்ணையாற்றில் கலக்கிறது. அந்த ஆறுதான் எல்லை தாண்டி வந்து கெலவரப்பள்ளியில் தேங்குகிறது. துணி துவைக்கும் தூளின் எச்சமும் சுத்திகரிக்கப்படாத கழிவும் கலந்த நீர், மதகில் விழுந்து கலங்கும்போது நுரைக்கிறது. 2015இல் பெல்லந்தூர் ஏரியின் மேற்பரப்பே தீப்பற்றி எரிந்ததை உலகம் வியந்து பார்த்தது. அடுத்த ஆண்டுகளிலும் அது எரிந்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 50 கோடி ரூபாய் கட்ட வேண்டுமென ஆணையிட்டது. இந்தப் பழி முழுவதையும் உயர்ந்த கட்டடங்களின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. தாழ்ந்த வீடுகளும் தொழிற்கூடங்களும் இதில் பங்குள்ளவையே. ஆனால் ஓர் ஏக்கரில் நூறு குடும்பத்தை அடுக்கும்போது, அந்நூறு குடும்பத்தின் கழிவும் ஒரே ஓடையைத் தேடி வருகிறது.

இப்போது ஓசூரிலும் அடுக்குமாடிகள் எழுகின்றன. நம் பங்குக் குடும்பங்களில் சில முன்பணமும் கட்டியிருக்கின்றன. விற்பவர்கள் மாடியிலிருந்து தெரியும் காட்சியைப் பற்றிச் சொல்வார்கள். வாங்கச் செல்பவர்கள் கீழ்த்தளத்துக்கும் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது நல்லது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா? இருந்தால் இன்று ஓடுகிறதா, அல்லது மின்கட்டணத்துக்கு அஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறார்களா? அதை நடத்தும் செலவு மாதப் பராமரிப்புத் தொகையில் சேர்ந்திருக்கிறதா? சுத்தமான நீர் தோட்டத்துக்குப் போகிறதா, தெருச் சாக்கடைக்குப் போகிறதா? கோடையில் நீர் எங்கிருந்து வரும்; லாரியிலா? இக்கேள்விகளைக் கேட்டால் முகம் சுளிப்பவர் இருக்கலாம். கேட்பது வாங்குபவர் உரிமை.

"அங்க நாங்க எல்லாத்தையும் மேலேயே பார்த்துக்கிட்டு இருந்தோம் சார். கீழே போறதை யாரும் நினைச்சுப் பார்க்கல" என்றார் நண்பர். இந்த நீரைப் பாய்ச்சாமல் இருக்க முடியாதா என்று கேட்டோம். ஆழ்துளைக் கிணற்றுக்கு இரண்டு முறை பணம் போட்டு, இரண்டும் பொய்த்துவிட்டதாகச் சொன்னார். நுரை காய்ந்து படிந்த தக்காளி இலைகள் சிலவற்றைப் பறித்து நம் கையில் கொடுத்தார்.

நாம் புறப்பட்ட வேளையில் மாலைக் காற்று எழுந்தது. கால்வாயிலிருந்து தலையணை அளவு நுரைத் திரள் ஒன்று கிளம்பி, வரப்பின்மேல் வந்து உட்கார்ந்தது. அவர் மண்வெட்டியின் புறத்தால் அதைத் தட்டிவிட்டு, மடையைத் திறக்கப் போனார்.